றேக்கா பொக்ஸா, ஒயிலா கரண்டா: நம்மட ரோட்டுக்கு எந்த ஸ்டியரிங்?

எந்த ஸ்டியரிங் உள்ள வாகனம் எடுக்கிற எண்டு ஒரே கிழமைக்குள்ள ரெண்டு பேர் கேட்டுட்டாங்க, அதனாலதான் இதை எழுதுறன். ஒராள் வெல்லாவெளிப் பக்கம், வயலும் செய்து ஹயரும் ஓடுற தம்பி. அவருக்கு ஒரு பழைய டொல்பின் ஹயஸ் வேன் விலைக்கு வந்திருக்கு, இன்னும் கொஞ்சம் காசு புரட்டினா அதுக்குப் பொறகு வந்த ஹயஸ் மொடலான கேடிஎச் ஒண்டும் எடுக்கலாம், ஆனா ஊர்ல உள்ள ஒரு மூத்த ட்ரைவர் "கேடிஎச்ச எடுக்காத, அது றேக், கிரவலுக்குத் தாங்காது, டொல்பின் எண்டா பொக்ஸ், இரும்பு" எண்டு சொல்லிட்டாராம். (றேக்கும் பொக்ஸும் ஸ்டியரிங் கியர்ட ரெண்டு வகை, கிரவல் எண்டது தார் போடாத ரோடு.) மத்தவ கல்லடியில இருக்கிற டீச்சர், ஒவ்வொரு நாளும் கல்முனைக்குப் போய் வாறவ, கையில கொரோலா 110 இருக்கு, அதை வித்துட்டு வேகன் ஆர் எடுப்பம் எண்டு பாத்தா மச்சினன் விடுறாரில்லையாம். "அது கரண்ட் ஸ்டியரிங், வெள்ளத்துக்குள்ள போனா அதோட சரி" எண்டு பயம் காட்டி வச்சிருக்கார்.

ரெண்டு பேரும் சொன்னதில பாதி உண்மைதான். மத்தப் பாதிதான் காசு திங்கிறது.

நான் மெக்கானிக் இல்ல. பதினாறு வருஷம் வேன் ஓடினவன், அதுக்கு முதல் ரெண்டு வருஷம் ஒரு கராஜில கிறீஸுக்குள்ள கிடந்தவன், அவ்வளவுதான். 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி, தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியிலதானே, அதனால இஞ்ச ஓடுறது கனக்க வயசு போன வாகனம், எடுத்தமெண்டா லேசில மாத்தவும் ஏலாது. ஸ்டியரிங்கைப் பாக்காம எடுத்துட்டுப் பொறகு அழுற ஆக்களை நிறையக் கண்டுட்டன்.

எதை வச்சு அளக்கிற

முதல்ல ரோடு. மட்டக்களப்பில இருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எண்டு ஏ4 தார் ரோட்டு வழிய போனா எந்த ஸ்டியரிங்கும் ராசாதான். மண்முனைப் பாலத்தால வாவிக்கு மேற்க உள்ள படுவான்கரைக்கு இறங்கி கொக்கட்டிச்சோலை தாண்டி உள்ளுக்குப் போங்க, இல்லாட்டி சம்மாந்துறை வட்டைக்குள்ள, அதான் வயல்வெளிக்குள்ள, வாய்க்கால் கட்டு வழிய நெல்லு ஏத்தப் போங்க, அப்பதான் ஸ்டியரிங் என்ன சாதி எண்டு தெரியும்.

அடுத்தது பாரம், அதிலயும் முன் டயருக்கு மேல எவ்வளவு நிக்குது எண்டது. பொறகு தண்ணியும் உப்பும். மாரியில நம்மட ரோடு வாய்க்காலாகிடும், 2024 நவம்பர்ல பாத்தம்தானே, மழை இல்லாத காலத்தில கடக்காத்து இரும்பைத் திங்கும். அதுக்குப் பொறகு ஆர் செய்வார், சாமான் எங்க எடுக்கிற எண்ட கேள்வி. சாமான் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகள்ல மட்டும்தான் எண்டா, விலையோட பஸ் காசையும் வாகனம் நிக்கிற நாளையும் சேத்துக் கணக்குப் போடணும். ஓட்டுற ஆள்ட கையும் ஒரு கணக்கு, இருபத்தஞ்சு வயசுத் தோள் வேற, ஐம்பத்தஞ்சு வயசுத் தோள் வேற.

கடைசியா ஒண்டு, இதை ஆரும் கேக்கிறல்ல: பழுதானா வீட்ட வந்து சேருமா? ராவு பத்து மணிக்கு மகா ஓயாப் பக்கம் யானைக் காட்டுக்குள்ள நிண்டு பாத்தவனுக்கு இந்தக் கேள்வி விளங்கும்.

ரெண்டு கேள்விய ஒண்டாக் குழப்பாதிங்க

"றேக் நல்லமா பவர் நல்லமா" எண்டு கேக்காங்க. அது "சோறு நல்லமா கோப்பை நல்லமா" எண்டு கேக்கிற மாதிரி. நீங்க சுத்துற சுத்த டயர வலம் இடம் தள்ளுற தள்ளா மாத்துற கியர் ஒண்டு, அது பொக்ஸா இருக்கலாம் றேக்கா இருக்கலாம். அந்தத் தள்ளுக்குக் கை குடுக்கிற உதவி இன்னொண்டு, அது இல்லாமலும் இருக்கலாம், ஒயிலா இருக்கலாம், கரண்டா இருக்கலாம். ரெண்டையும் எப்பிடியும் கோக்கலாம். பொக்ஸ் எண்டாலே பழசு, கரண்ட் எண்டாலே றேக் எண்டு நினைக்கிற ஆக்கள் 2018ல வந்த புது சுசுகி ஜிம்னி ஜீப்பைப் பாக்கணும், பொக்ஸும் கரண்டும் சேந்து ஒரே வாகனத்தில இருக்கு.

நம்மட பக்கம் ஓடுற சிலது:

| வாகனம் | கியர் | உதவி |
|---|---|---|
| பழைய மாருதி 800 | றேக் | இல்ல |
| கொரோலா 110 | றேக் | ஒயில் |
| டொல்பின் ஹயஸ் | பொக்ஸ் | ஒயில் |
| கேடிஎச் ஹயஸ் | றேக் | ஒயில் |
| வேகன் ஆர், அக்வா | றேக் | கரண்ட் |
| எல்ஃப், கென்டர் லொறி | பொக்ஸ் | ஒயில் |
| லேண்ட் குரூசர் 70 | பொக்ஸ் | ஒயில் |
| ஜிம்னி (2018க்குப் பொறகு) | பொக்ஸ் | கரண்ட் |

திரீவீலுக்கும் லேண்ட்மாஸ்டர் கை ட்ரக்டருக்கும் இந்தக் கதையே இல்ல, ஒண்டு நேர ஹேண்டில், மத்தது கைக் கிளச்சைப் பிடிச்சுத் திருப்புறது.

பொக்ஸ்

ஸ்டியரிங் தண்டுட அடியில ஒரு பெரிய ஸ்க்ரூ, அந்த ஸ்க்ரூல ஒரு நட் ஏறி இறங்கும், ரெண்டுக்கும் நடுவில உள்ள காணில சின்னச் சின்ன இரும்பு உருண்டைகள், போல்ஸ், வரிசையா ஓடும். நட் ஒரு பக்கம் போகப் போக போல்ஸ் ஒரு குழாய்க்குள்ளால திரும்பி வந்து மறுபடி வரிசையில சேரும், அதனால ஸ்க்ரூவும் நட்டும் நேர உரசுறல்ல, உருளுது. நட்டுட வெளிப்பக்கம் பல்லு இருக்கு, அது ஒரு அரைவட்டப் பல்லுச் சில்லைத் திருப்பும், அந்தச் சில்லுட தண்டில வெளிய மாட்டியிருக்கிறதுதான் பிட்மன் ஆர்ம். 1940 கெடிலக் கார்ல வந்த வடிவம் இது. அதுக்கு முதல் இருந்த வகைகள்ல கனக்க உரசித் திருப்பினதுதான், வில்லிஸ் ஜீப்ல இருந்தது கேம் அண்ட் லீவர், சுத்திச் சுத்தித் தோள்மூட்டு கழண்டுரும் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவாங்க. அந்த வகைகளை இப்ப தேடி எடுக்கப் போற ஆள் இல்லாதபடியா அதை விட்டுருவம்.

பொக்ஸ்ட பெரிய குணம், ரோட்டில வாங்கிற அடியத் தானே வாங்கிக்கும். கிரவல்ல முன் டயர் குழிக்குள்ள இறங்கி ஏறக்குள்ள அந்த வெட்டு கைக்கு வாறது குறைவு. பாரமும் தாங்கும். முன்னுக்கு ஒரே இரும்பு அக்சில் உள்ள லொறிக்கும் ஜீப்புக்கும் இதுதான் பொருத்தம், ஏனெண்டா அக்சில் முழுசா மேல கீழ ஆடக்குள்ள சேஸில பூட்டின றேக் அதோட சேந்து ஆடாது, ஒவ்வொரு குழிக்கும் டயர் தானாத் திரும்பப் பாக்கும். சுனாமிக்குப் பொறகு என்ஜிஓ ஆக்கள் கொண்டு வந்த லேண்ட் குரூசர்கள் வாகரை ரோட்டில பட்ட பாட்டுக்கு றேக் ஒண்டு இருந்திருந்தா எத்தனை மாத்தியிருப்பாங்களோ.

இனி மறைஞ்ச செலவுக்கு வருவம். பொக்ஸ்ல இருந்து டயருக்குப் போற வழி நீளம். பிட்மன் ஆர்ம், நடு லிங்க், அதை மறுபக்கம் தாங்குற ஐட்லர் ஆர்ம், அந்தந்தப் பக்க டயரைத் தள்ளுற டை ரொட், அதுகள்ட ரெண்டு முனையிலயும் போல் ஜொயின்ட். ஒவ்வொண்டும் ஒரு மில்லிமீற்றர் தேஞ்சாக் கூட எல்லாம் சேந்து கையில மூண்டு விரல் ஆட்டமா வரும். ஒண்டை மாத்தினா அடுத்தது காட்டும், அதை மாத்தினா அதுக்கடுத்தது, ஒவ்வொரு தடவையும் டயர் நேர் பாக்கிற அலைன்மென்ட் காசு. தனித்தனியா மலிவு, கூட்டிப் பாத்தா மலிவில்ல.

எனக்கு நடந்ததைச் சொல்றன். 2013ல கல்லடிப் புதுப் பாலம் திறக்க முதல் பழைய பாலத்தால டொல்பின் ஓடின காலம், ஒடுங்கின பாலம், எதிர்ப் பக்கத்தை மறிச்சு விட்டுத்தான் விடுவாங்க. என்ட வேன்ல நேர போறதுக்கே ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிட்டே போகணும், பாலத்தில ஏறினா நெஞ்சு தண்ணியாகும். ஒரு கராஜில காட்டினன். ஆள் பொக்ஸ்ட மேல இருக்கிற எட்ஜஸ்ட் ஸ்க்ரூவ ஒரு முறுக்கு முறுக்கினார், ரெண்டு நிமிஷ வேலை, ஆட்டம் போயிட்டு. எனக்கு சரியான சந்தோஷம். அரசடிச் சந்தியில வளைச்சன், வளைச்ச ஸ்டியரிங் வளைச்ச இடத்திலயே நிக்குது. தானா நேருக்கு வரல்ல, கையால இழுத்துக் கொண்டு வரணும். ஒரு சைக்கிள்காரர் தப்பினது அவர்ட நல்ல காலம்.

பொறகு கல்முனையில மெக்கானிக் வேலை செய்யிற ஒரு முஸ்லிம் அண்ணர், காக்கா எண்டுதான் நாங்க சொல்லுவம், அவர்தான் விளக்கம் சொன்னார். "தம்பி, வாகனம் ஓடுற நேரத்தில முக்கால்வாசி நேர்லதானே ஓடுது, அப்ப பல்லு தேயுறது நடுவில. நடுவில தேஞ்சதை ஸ்க்ரூவால இறுக்கினா தேயாத ஓரத்துப் பல்லு என்ன செய்யும்? பிடிக்கும்." அந்த ஸ்க்ரூ இருக்கிறது கொஞ்சம் எட்ஜஸ்ட் பண்ண, தேஞ்ச பொக்ஸை மறைக்க இல்ல. ஆட்டம் பொக்ஸ்லயா ஜொயின்ட்லயா எண்டு கூடப் பாக்காமத்தான் முதல் ஆள் முறுக்கியிருக்கார். என்ட வேன்ல ஆட்டத்தில பாதி ஐட்லர் ஆர்ம் புஷ்லதான் இருந்தது, காக்கா ஸ்க்ரூவத் திரும்ப லூஸ் பண்ணிட்டு அதை மாத்தித் தந்தார்.

றேக்

இது விளக்க லேசு. ஸ்டியரிங் தண்டு முனையில சின்னப் பல்லுச் சில்லு, அது பினியன். அதுக்கு அடியில குறுக்கா ஒரு பல்லு வச்ச தண்டு, அது றேக். சில்லு சுத்தினா தண்டு வலம் இடம் ஓடும், ரெண்டு முனையிலயும் டை ரொட், அதோட டயர். முடிஞ்சிது. புதுசெண்டு நினைக்காதிங்க, 1948ல வந்த மொரிஸ் மைனர்லயே இதுதான் இருந்தது, அந்தக் காருக்கு இருந்த நல்ல பேர்ல ஒரு பங்கு இந்த ஸ்டியரிங்குக்குத்தான்.

ஜொயின்ட் குறைவு, ஆட்டம் குறைவு, நிறை குறைவு, கையில ரோடு தெரியும். ஏ4ல எண்பதில போகக்குள்ள சின்ன அசைவுக்குச் சொன்ன சொல் கேக்கும். அந்தக் "கையில ரோடு தெரியும்" எண்டதுதான் கிரவல்ல வினையாகும், குழிக்கு ஒருக்கா கைக்கு ஒரு வெட்டு. ஆனா "றேக் கிரவலுக்குத் தாங்காது" எண்டது பழைய கதை. வீகோ மொடல் வந்த காலத்தில இருந்து டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பிலயே றேக்தான், அது போகாத வட்டை இருக்கா?

றேக்கைக் கொல்றது கல்லு இல்ல, ரப்பர். ரெண்டு முனையிலயும் மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் பூட் இருக்கும். அது வெடிச்சா, கல்லுப் பட்டோ எலி கடிச்சோ (வயல் வீட்டில நிப்பாட்டுற வாகனத்துக்கு எலி ஒரு பெரிய மெக்கானிக்) ஓட்டை விழுந்தா, சேறும் உப்புத் தண்ணியும் உள்ள போகும். றேக் தண்டு மினுமினுப்பா இருக்கிற சாமான், அதில துரு ஒரு ஊசிமுனைப் புள்ளி வச்சாப் போதும். ஒயில் பவர் றேக் எண்டா அந்தப் புள்ளி ஒவ்வொரு தடவை போய் வரக்குள்ளயும் சீலை அறுக்கும். பொறகு ஒயில் லீக். சீல் செட் மட்டும் மாத்தினா ரெண்டு மாசத்தில திரும்ப லீக், ஏனெண்டா அறுக்கிற தண்டு அப்பிடியே இருக்கு. ஆக்கள் "சீல் சரியில்ல, டுப்ளிகேட் சாமான்" எண்டு கடைக்காரரோட சண்டை பிடிப்பாங்க.

பூட் மலிவு, றேக் விலை கூட. இந்த வித்தியாசம்தான் றேக்ட மறைஞ்ச செலவு முழுக்க. பொக்ஸ் மெல்ல மெல்லக் கெடும், துண்டு துண்டாச் செலவு வைக்கும், றேக் கனகாலம் ஒண்டும் கேக்காம இருந்துட்டு ஒரு நாள் மொத்தமாக் கேக்கும். முழு றேக் மாத்தப் போனா பழைய ஜப்பான் சாமானா, இஞ்ச ரீகண்டிஷன் பண்ணினதா எண்டு இன்னொரு தலையிடி. நான் எண்டா ஜப்பான் சாமானை, பூட்டைக் கழட்டித் தண்டை இந்த முனை அந்த முனை வரை வெளிய இழுத்து விரலால தடவிப் பாத்துத்தான் எடுப்பன், தடவ விடாத கடையில எடுக்கமாட்டன்.

பவர் இல்லாதது

இதைப் பத்திச் சுருக்கமாச் சொன்னாப் போதும். மாருதி 800 மாதிரிப் பாரமில்லாத சின்னக் காருக்கு ஓடுற நேரம் பவர் தேவையே இல்ல, நிண்ட இடத்தில திருப்பக்குள்ள மட்டும்தான் கை வலிக்கும். ஒயில் இல்ல, பம்ப் இல்ல, மோட்டர் இல்ல, வெள்ளத்துக்குப் பயமில்ல. கனக்க அகலமான டயர் போட்டுட்டுப் "பாரமா இருக்கு" எண்டு சொல்லாதிங்க, அது நீங்களே தேடின வினை.

ஒயில் பவர்

எஞ்சின் பெல்ட்டால ஒரு பம்ப் சுத்தும், அது ஒயிலை அழுத்தமா அனுப்பும், நீங்க திருப்புற பக்கத்துக்கு அந்த ஒயில் றேக்கையோ பொக்ஸையோ தள்ளிக் குடுக்கும். கைக்குப் பட்டு மாதிரி இருக்கும், பாரமான வாகனத்துக்கு இன்னும் இதுதான் பலம். எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை, அக்கரைப்பற்றிலயும் செய்வாங்க, களுவாஞ்சிக்குடியிலயும் செய்வாங்க, கொம்ப்யூட்டர் தேவையில்ல. லீக் எண்டாலும் முதல்லயே நிலத்தில சொட்டு விழுந்து சொல்லிரும், திருப்பக்குள்ள பம்ப் ஊளையிடும், ஒயிலை ஊத்தி ஊத்தி எண்டாலும் வீட்ட வந்துரலாம்.

கெட்டது என்னெண்டா, திருப்பினாலும் திருப்பாட்டியும் பம்ப் சுத்திட்டே இருக்கும், எரிபொருள் போய்ட்டே இருக்கும். சின்ன எஞ்சினுக்கு அது தெரியும். வெள்ளத்தில பெல்ட் நனைஞ்சா வழுக்கிக் கிரீச்சிடும், அந்த நேரம் ஸ்டியரிங் திடீரெண்டு கல்லாகும், பயந்து பிரேக்கை மிதிக்காம மெதுவாப் போனா காஞ்சு சரியாகிரும். கடக்கரைப் பக்கம், காத்தான்குடி கல்முனை எண்டு நிக்கிற வாகனத்துக்கு ஒயில் போற இரும்புக் குழாய் துருப்பிடிச்சு ஊசி ஓட்டை விழும், ஹோஸ் வெடிக்கும். முழுசா ஒரு பக்கம் வெட்டி அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிக்கிற பழக்கம் உள்ள ஆக்கள்ட பம்ப் கெதியாப் போகும், அந்த நேரம்தான் அழுத்தமும் சூடும் உச்சத்தில. ஒயில் குறைஞ்சிட்டெண்டு கையில கிடைச்ச பிரேக் ஒயிலை ஊத்தினவர் ஒராளை எனக்குத் தெரியும், சீல் எல்லாம் ஊதிப்போய்ட்டு. டப்பா மூடியில என்ன எழுதியிருக்கோ அதை ஊத்துங்க.

இதில ஆக்கள் நம்பாத விஷயம் ஒண்டு. ஒயில் பவர் வேலை செய்யாட்டி அது பவர் இல்லாத ஸ்டியரிங் மாதிரி ஆகும் எண்டு நினைக்கிறாங்க. இல்ல, அதை விட மோசம். பவர் இருக்கெண்டு நம்பித்தான் கியரைக் குறைஞ்ச சுத்தில திரும்புற மாதிரி வச்சிருக்கு, அதுக்கு மேல உள்ளுக்குள்ள கிடக்கிற ஒயிலையும் நீங்கதான் தள்ளணும். 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டில லைன்ல நிண்ட ஆக்களுக்கு இது தெரியும். எஞ்சினை நிப்பாட்டி வச்சிட்டு லைன் நகர நகரத் தள்ளித் தள்ளிப் போன காலம். எனக்கு முன்னுக்கு ஒரு மாருதி, ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு மத்தக் கையால கதவைத் தள்ளிட்டுத் தனியாப் போறார் மனுசன். எனக்குப் பின்னால 110 ஒண்டு, ரெண்டு பெடியன்மார் தள்ள, ஒராள் உள்ள இருந்து ரெண்டு கையாலயும் தொங்குறார், வளைவில மூண்டு பேரும் வேர்த்து நனைஞ்சிட்டாங்க.

கரண்ட் பவர்

தண்டில ஒரு சென்சர், நீங்க எவ்வளவு முறுக்குறீங்க எண்டு பாக்கும். கொம்ப்யூட்டர் கணக்குப் போட்டு மோட்டரைச் சுத்தும். 1988ல சுசுகி செர்வோவிலதான் முதல் வந்தது, அதுவும் சின்னக் கார்தான், ஏனெண்டா சின்ன எஞ்சினுக்கு ஒயில் பம்பைச் சுமக்கிறது பாரம். 660 சீசீ வேகன் ஆருக்கு இது சொகுசு இல்ல, தேவை. திருப்பினா மட்டும் கரண்ட் எடுக்கும், நேர போகக்குள்ள சும்மா இருக்கும். ஒயில் இல்ல, பெல்ட் இல்ல, லீக் இல்ல.

இப்ப மச்சினன்ட வெள்ளக் கதைக்கு வருவம். மோட்டர் எங்க இருக்கு எண்டதுதான் கேள்வி, ரெண்டு இடத்தில வைப்பாங்க. சின்னக் கார்கள்ல கனக்க, டாஷ்போர்ட்டுக்கு அடியில, ஸ்டியரிங் தண்டிலயே. அதுவரைக்கும் தண்ணி வந்துட்டெண்டா சீட்டும் நனைஞ்சு எஞ்சினும் குடிச்சிருக்கும், ஸ்டியரிங் உங்கட கடைசிக் கவலை. இன்னொரு வகையில மோட்டர் கீழ றேக்கிலயே இருக்கும், பாரமான கார்கள்ல அப்பிடி. அதில பூட் ஓட்டையானா தண்ணி றேக்கைத் துருவேத்தி மோட்டர் பக்கமும் போகும், வெளிய சொட்டு ஒண்டும் விழாது, ஒரு நாள் மஞ்சள் லைட் எரியும், கதை முடிஞ்சிருக்கும். அதனால "கரண்ட் ஸ்டியரிங் வெள்ளத்துக்கு ஆகாது" எண்டது வேகன் ஆருக்குப் பொய், கீழ மோட்டர் வச்ச காருக்கு மெய்.

வேகன் ஆர் மாதிரிக் கார்ட உண்மையான பலவீனம் வெள்ளம் இல்ல, பெட்டரி. நிண்ட இடத்தில திருப்பக்குள்ள மோட்டர் ஹெட்லைட்டை விடக் கனக்கக் கரண்ட் இழுக்கும். பெட்டரி கிழடானா, டெர்மினல் பூத்துப் போனா, ஏர்த் வயர் துருப்பிடிச்சா, வோல்ட் விழுந்து ஸ்டியரிங் லைட் எரிஞ்சு உதவி நிண்டுரும். இதுக்குத்தான் ஆக்கள் ஸ்டியரிங் கொலமையே (தண்டும் மோட்டரும் சேந்த முழுத் தொகுதி) மாத்திடுறாங்க. முதல்ல பெட்டரியையும் வயரையும் பாருங்கப்பா, பொறகு ஸ்கேனர் போடுங்க, அதுக்குப் பொறகுதான் கொலம். இன்னொண்டு, கலியாண வீட்டு வாசல்ல ஒடுங்கின இடத்தில பத்துத் தடவை முன்னுக்குப் பின்னுக்கு வெட்டினா மோட்டர் சூடாகித் தானே உதவியக் குறைக்கும், கொஞ்ச நேரம் விட்டா சரியாகும், அது பழுதில்ல.

செலவு எண்டு பாத்தா மாசாமாசம் ஒண்டுமே இல்ல, ஆனா மெய்யாப் பழுதானா சின்னச் சின்னதாச் செய்ய ஏலாது. சென்சர் போனாக் கனக்க இடத்தில கொலமோட மாத்தச் சொல்லுவாங்க, பழைய சாமான் எடுத்தா பார்ட் நம்பர் ஒத்துப் போகணும், மாத்தின பொறகு நடுப்புள்ளிய ஸ்கேனரால பதியணும். அது பதியாட்டி ஒரு பக்கம் இழுக்கும், நீங்க அலைன்மென்ட் கடைக்கும் டயர் கடைக்கும் நடந்து திரிவீங்க.

ஒயிலையே மின்சார பம்பால அழுத்துற கலப்பு ஒண்டும் இருக்கு. ரெண்டுட செலவையும் சேத்து வாங்கின மாதிரி, பழைய காரா எடுக்கப் போறீங்கண்டா அந்தப் பம்ப்ட விலையைக் கேட்டுட்டுத்தான் கையைக் குடுங்க.

பாக்கப் போகக்குள்ள

எந்த வகையா இருந்தாலும் இன்னொராளைக் கூட்டிட்டுப் போங்க. எஞ்சினை நிப்பாட்டி, டயர் நிலத்தில நிக்க, உள்ள இருக்கிறவர் ஸ்டியரிங்கைச் சின்னதா வலம் இடம் டக் டக் எண்டு ஆட்டணும், நீங்க கீழ படுத்து ஒவ்வொரு ஜொயின்ட்லயும் விரலை வைங்க. ஆட்டம் எங்க தொடங்குது எண்டு விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கல்முனைக் காக்கா கண்ணை மூடிட்டுத்தான் தொடுவார்.

றேக் எண்டா பூட்டைக் கையால அமத்துங்க, உள்ள ஒயில் களக் களக் எண்டா சீல் போய்ட்டு. புதுப் பூட் போட்டு மினுக்கியிருந்தா இன்னும் கவனம், ஏன் போட்டாங்க எண்டு கேளுங்க. பொக்ஸ் எண்டா எட்ஜஸ்ட் ஸ்க்ரூவப் பாருங்க, அதைச் சுத்திப் புதுக் கீறல் இருந்தா விக்கிறதுக்காக முறுக்கினது, ஓட்டிப் பாத்து வளைவில கையை லேசா விடுங்க, தானா நேருக்கு வரணும். பவர் இல்லாத பொக்ஸ் எண்டா மூடியக் கழட்டி ஒயிலையும் பாக்கலாம், பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணிக்குள்ள நிண்ட வாகனம். கரண்ட் எண்டா சாவியைத் திருப்பக்குள்ள ஸ்டியரிங் லைட் எரிஞ்சு, ஸ்டார்ட் பண்ணினா அணையணும். எரியவே இல்லையா, ஆரோ பல்பைக் கழட்டியிருக்காங்க.

கேட்ட ரெண்டு பேருக்கும்

டீச்சர், நீங்க எடுங்க. கல்லடி கல்முனை எண்டா முழுக்க ஏ4, ஒராள் ரெண்டு பேர், ஸ்கூல் வாசல்ல ஒடுங்கின பார்க்கிங், உங்கட 110க்கு அடியில இப்பவே ஒயில் சொட்டுது எண்டு நீங்களே சொன்னீங்க. வேகன் ஆர்ல மோட்டர் மேலதான் இருக்கு. எடுத்த கையோட பெட்டரிய செக் பண்ணுங்க, ஏர்த் வயரைத் துடைச்சுக் கிறீஸ் பூசச் சொல்லுங்க, ஒவ்வொரு சேவிஸுக்கும் பூட்டை டோர்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. மச்சினனுக்கு இதைக் காட்டுங்க, கோவிச்சா நான் பாத்துக்கிறன்.

வெல்லாவெளித் தம்பிக்குச் சொல்றது வேற மாதிரி. ஹயர் எண்டு கொழும்பு, கண்டி ஓடுறதுதான் கூட எண்டா கேடிஎச்தான், ராவு ஓட்டத்தில தோளுக்கும் கண்ணுக்கும் அந்த றேக்ட நேர்த்தி தெரியும், பூட்டுக்குக் காவல் இருந்தாச் சரி. ஆனா நீ சொன்ன கணக்குப்படி கிழமையில நாலு நாள் வட்டைக்குள்ள உரமும் நெல்லும், ரெண்டு நாள்தான் ஹயர், கேடிஎச்சுக்கு லீசிங்கும் போடணும். அப்ப டொல்பினை எடு, மிஞ்சின காசில ஐட்லர் ஆர்ம், டை ரொட் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்து, ஒண்டொண்டா மாத்தி அலைன்மென்ட் கடைக்காரருக்கு வீடு கட்டிக் குடுக்காத. நீ அனுப்பின போட்டோவில அந்த எட்ஜஸ்ட் ஸ்க்ரூட நட் மட்டும் பளபளக்குது, மத்தது எல்லாம் சேறு. சனிக்கிழமை நானும் வாறன், முதல்ல அதை லூஸ் பண்ணச் சொல்லி ஓட்டிப் பாப்பம், பொறகு விலை கதைப்பம்.